இருபத்தைந்தாம் வாசல்

இந்த மாதிரி அனுபவம் எழுதுகிறவர்களை நானே கேலி செய்திருக்கிறேன், அதனால் நீங்கள் சிரித்துக்கொண்டே படித்தால் எனக்கு வருத்தமில்லை, படித்து முடித்த பிறகும் சிரித்தால் அப்போது பேசிக்கொள்வோம். பேய், காத்து கருப்பு, குறி, தாயத்து எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் வேப்பிலை அடிக்கத்தான் கூட்டிப்போவார்கள், நான் ஒருத்தன்தான் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சண்டை போடுவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் சுடுகாடு இல்லை, நடுராத்திரி இல்லை, வெள்ளைப் புடவை இல்லை. நடந்தது பட்டப்பகல், பதினொன்றரை மணி, பெங்களூர் காக்ஸ் டவுனில், கரண்ட் இருந்தது, வெயில் இருந்தது, வாசலில் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர், அம்மா செங்கல் சூளை, இரண்டு பேருக்கும் கைநாட்டுத்தான். எனக்கு ஒன்பது வயதானதிலிருந்து எங்கள் தெருவுக்கு எந்தத் தாள் வந்தாலும் நான் படித்துச் சொன்ன பிறகுதான் யாரும் மையில் விரலை வைப்பார்கள். ஒருமுறை ஒருவர் வாயால் ஒன்று சொல்லிவிட்டுத் தாளில் வேறொன்று எழுதிக் கொண்டுவந்திருந்தார், நான் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டி உரக்கப் படித்தேன், அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் நான் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள், அதற்காகச் சொல்லிவைக்கிறேன்.

நான் வேலை பார்த்தது ஒரு இரத்தப் பரிசோதனை லேப். பெயர் வேண்டாம். பழைய பங்களா ஒன்றை மாற்றிக் கட்டியது, கீழே இரத்தம் எடுக்கும் அறை, மாடியில் மெஷின்கள், மாடிப்படிக்கு அடியில் கம்பிக் கதவு போட்ட பொந்து மாதிரி ஒரு இடத்தில் எங்கள் ஒரே லினக்ஸ் சர்வர். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான். முதல் வருடம் தற்காலிகம், வருடம் முடிந்தால் நிரந்தரம் செய்து கடிதம் தருவார்கள், அந்தக் கடிதத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அப்பா அதற்குள் மண்டி முழுக்கச் சொல்லிவிட்டார். "எம் பையனுக்கு பெங்களூர்ல பர்மனெண்ட் ஆவுது" என்று போனில் வேறு யாரிடமோ அவர் சொல்வது எனக்கே கேட்கும், என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே திரும்பி அவர்களிடம் சொல்வார்.

இனிக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், கணினி தெரியாவிட்டாலும் புரியும்படி சொல்கிறேன். பரிசோதனை முடிந்ததும் முடிவு டாக்டருக்கு மெயிலில் போகும். அதை வாங்கி வெளியே அனுப்பிவைக்கிற தபால்காரன் மாதிரி ஒரு ப்ரோக்ராம் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். சர்வருக்கு எண் போட்ட வாசல்கள் நிறைய உண்டு, தபால் வருவது இருபத்தைந்தாம் எண் வாசலில். ஒரு வாசலில் ஒரு தபால்காரன்தான் நிற்க முடியும், இன்னொருவன் வந்தால் "இடம் பிடிபட்டுவிட்டது" என்று சர்வரை ஓட்டுகிற லினக்ஸ் விரட்டிவிடும். எங்களிடம் பல வருடமாக இருந்தது சென்ட்மெயில் என்கிற பழைய ப்ரோக்ராம். அதற்குப் பதிலாக போஸ்ட்ஃபிக்ஸ் என்கிற புதியதை வைக்கச் சொன்னார்கள். ஒரே நாளில் மாற்றப் பயந்து, மூன்று வாரம் இரண்டையும் ஒரே சர்வரில் ஓடவிட்டேன். பழையது இருபத்தைந்தாம் வாசலில், புதியது வேறொரு வாசலில், சோதனைக்காக. இரண்டு தபால்காரர்களும் முட்டிக்கொள்ளாமல் வேலை செய்தார்கள், எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஆனால் தரச் சான்றிதழுக்காக லேப்பைச் சோதிக்க ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்கள் கேட்டிருந்த பட்டியலில் ஒரு வரி, மெயில் அனுப்பும் ப்ரோக்ராம் ஒன்றுதான் இருக்கவேண்டும், பழையதை நீக்கிவிட்டதாகப் பொறுப்பாளர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும் என்று. ஆகவே பழையதை எடுத்தாகவேண்டும். நான் தேர்ந்தெடுத்த நாள் ஆயுத பூஜை. அன்றைக்கு லேப் அரை நாள்தான், ரிப்போர்ட் கம்மி.

எங்கள் மேனேஜர் மஞ்சுநாத் சார் அதைக் கேட்டு அதிர்ந்துபோனார். வீட்டில் கன்னடம், லேப்பில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும், யாரைக் கூப்பிட்டாலும் ‘குரு’தான். குங்குமத் தட்டோடு மாடிப்படிக்குக் கீழே குனிந்து வந்தார்.

"ஏன் குரு, ஆயுத பூஜை அன்னைக்கு ஆயுதத்தையே கழட்டுறியா? இன்னைக்கு ஸ்க்ரூ டிரைவர்கூட தொடக் கூடாதுப்பா. பேடா குரு, வேணாம், நாளான்னைக்கு பண்ணு."

"நாளான்னைக்கு கூட்டம் சார். ஒரு ரிப்போர்ட் நின்னாலும் டாக்டருங்க உங்களுக்குத்தான் போன் பண்ணுவாங்க."

"சரி, ஒரு பொட்டாவது வெச்சுட்டுப் போறேன்."

"வேணாம் சார், குங்குமம் ஃபேனுக்குள்ள போயிடும்."

"நீ இருக்கியே, சாமிக்கே டோக்கன் கொடுப்பே" என்று சொல்லிவிட்டுக் கம்பிக் கதவுக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார். கதவு என் பொறுப்பில் இல்லை, விட்டுவிட்டேன்.

பத்து மணிக்கு ஆரம்பித்தேன். மாற்றுகிற நேரத்தில் பாதி வேலையில் ஏதாவது தப்பாக வெளியே போய்விடக் கூடாது என்று, புதிய ப்ரோக்ராமிடம் "வருவதை வாங்கி வை, நான் சொல்லும்வரை வெளியே அனுப்பாதே" என்று கட்டளை கொடுத்தேன். எல்லோரும் செய்வதுதான். பிறகு பழையதை நிறுத்தினேன். அதன் வரிசையில் அனுப்பாமல் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன், காலி. ப்ரோக்ராமையே சர்வரிலிருந்து நீக்கினேன். அது இருந்த இடத்தில் தேடினேன், அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது. லினக்ஸ் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பீர்கள், தெரியும், நீக்கிய ப்ரோக்ராம்கூட ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் நினைவில் தங்கி ஓடும் என்பீர்கள். அதற்காகத்தான் சர்வரையே அணைத்துத் திரும்பப் போட்டேன். புதியதை இருபத்தைந்தாம் வாசலில் நிறுத்தினேன். அந்த வாசலில் தட்டிப் பார்த்தேன், புதியது தன் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னது. பத்து ஐம்பதுக்குப் படிவத்தில் எழுதினேன்: பழைய ப்ரோக்ராம் முழுவதும் நீக்கப்பட்டது, இப்போது ஒன்றுதான் ஓடுகிறது. கீழே கையெழுத்து, நேரம், தேதி. எனக்குப் பிடித்த பேனாவால்.

இனி நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, "இனி அனுப்பலாம்" என்று புதியதற்குச் சொல்வது. அந்த நேரம் பார்த்து வெளியே தேங்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். நம்பிக்கை இல்லாதவன் ஏன் போனேன் என்று கேட்காதீர்கள், மஞ்சுநாத் சாரை ஒரு தடவை மறுத்தாயிற்று, இரண்டாவது தடவை மறுத்தால் நன்றாக இருக்காது. சாம்பிள் எடுத்துவருகிற பையன்களின் வண்டிகள் எல்லாம் கழுவி வாழைக்கன்று கட்டி வரிசையாக நின்றன. பூசணிக்காயைத் துளை போட்டுக் குங்குமம் கொட்டி நடுரோட்டில் உடைத்தார்கள், ஒரு ஆட்டோ வழுக்கப் பார்த்து டிரைவர் எங்கள் வம்சத்தையே விசாரித்தார். பொரி, கடலை, வெல்லம், ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் பொட்டலம் போட்டு டாக்டர்களின் கிளினிக்குகளுக்கு அனுப்ப என்னையும் உட்கார வைத்தார்கள். நான் பொரிப் பொட்டலம் கட்டினேன். ஒன்றரை மணி நேரம். புதிய ப்ரோக்ராமுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறேன் என்பது எனக்குச் சுத்தமாக மறந்துபோனது. இது என் தப்பு, இதை நான் எங்கேயும் மறைக்கவில்லை.

பன்னிரண்டரை இருக்கும், மஞ்சுநாத் சார் வாய் நிறைய பேடா ஸ்வீட்டோடு வந்து என் முதுகில் அறைந்தார்.

"குரு! ஃபர்ஸ்ட் பால் சிக்ஸர்! கிட்னி டாக்டர் நம்ம முதலாளி மேடத்துக்கு போன் பண்ணி பாராட்டுனாராம்."

அவர் சொன்ன விஷயம் இது. விவேக் நகரில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற டீச்சரம்மா, சிறுநீரகம் பழுது, காலை பதினொன்று ஐந்துக்கு எங்களிடம் இரத்தம் கொடுத்துவிட்டு அப்படியே பண்டிகைக்குக் கிருஷ்ணகிரி போகப் புறப்பட்டிருக்கிறார். அவருக்குப் பொட்டாசியம் ஏழுக்கு மேல். அந்த அளவில் எந்த நிமிடமும் இதயம் நின்றுவிடலாம் என்று எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். எங்கள் மெயிலைப் பார்த்த டாக்டர் உடனே போன் செய்து, மடிவாளாவில் பஸ் ஏறி உட்கார்ந்திருந்தவரை இறங்கச் சொல்லி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துவிட்டார். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் பஸ் ஓசூர் ரோட்டில் எங்கேயோ இருந்திருக்கும். "அந்த மெயில் ஒரு உயிர்" என்றாராம் டாக்டர்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தேன். ஏனென்றால் பழையதை நிறுத்தியதிலிருந்து எங்கள் லேப்பிலிருந்து ஒரு மெயில்கூட வெளியே போயிருக்க முடியாது. நான் பூட்டி வைத்திருந்தேன்.

ஓடினேன். பார்த்தால் முப்பத்தொரு மெயில் வரிசையில் அப்படியே நிற்கிறது. ஒன்றும் போகவில்லை. அனுப்பு என்று கட்டளை கொடுத்தேன், மடமடவென்று எல்லாம் போனது, அந்தப் பதற்றத்தில் எது யாருக்கு என்று நான் பார்க்கவில்லை. பிறகு டாக்டரின் கிளினிக்குக்கு போன் செய்து, அவர் பாராட்டிய அந்த முதல் மெயிலை முழுசாக எனக்குத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அங்கே இருந்த பெண் சலித்துக்கொண்டே அனுப்பினாள்.

ஒவ்வொரு மெயிலுக்குள்ளும், நாம் சாதாரணமாகப் பார்க்காத இடத்தில், அது கடந்துவந்த ஒவ்வொரு தபால்காரனும் குத்திய முத்திரை வரிகள் இருக்கும். யார், எந்த ப்ரோக்ராம், அதன் எந்தப் பதிப்பு, எத்தனை மணிக்கு என்று. கீழிருந்து மேலே படிக்கவேண்டும். படித்தேன். முதல் முத்திரை எங்கள் சர்வருடையது. முகவரி எங்களுடையது. குத்தியது சென்ட்மெயில், நான் கழற்றிய அதே பதிப்பு எண். நேரம் பதினொன்று முப்பத்தாறு.

நம்புங்கள், நம்பாமல் போங்கள், அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. மாடிப்படியில் ஆட்கள் ஏறி இறங்குகிற சத்தம் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்தது. நீக்கிய இடத்தில் மறுபடி தேடினேன், கோப்பு இல்லை. ஓடுகிற ப்ரோக்ராம்களின் பட்டியலைப் பார்த்தேன், அது இல்லை. பழையது தன் வேலையை எழுதிவைக்கிற பதிவேடு மட்டும் அழியாமல் இருந்தது, அதைத் திறந்தேன். கடைசி வரிகள் பத்து இருபதுக்கு, நான் நிறுத்தியபோது எழுதியவை. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. பதினொன்று முப்பத்தாறு. டாக்டரின் முகவரி. அனுப்பப்பட்டது. அந்த வரியை எழுத ஆளே இல்லை, கேட்டுக்கொண்டீர்களா, எழுதுகிற கையை நான் வெட்டிப் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

யாராவது வெளியிலிருந்து உள்ளே புகுந்திருப்பார்களா என்று பார்த்தேன். இரண்டு நாள் பார்த்தேன். எவனாவது புகுந்தால் திருடுவான், கெடுப்பான், ஒரு டீச்சரம்மாவின் பொட்டாசியத்தை டாக்டருக்கு அனுப்பிவிட்டுப் போவானா?

எனக்கு உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. மஞ்சுநாத் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பயப்படவில்லை, நிம்மதியாகச் சிரித்தார்.

"இவ்ளோதானா? நீ பழசை எடுக்கவே இல்லை. எடுத்ததா நினைச்சுட்டே. அது ஓடிட்டு இருந்துச்சு, மெயிலை அனுப்பிடுச்சு. நல்லதுதானே ஆச்சு!"

"எடுத்தேன் சார். படிவத்துல எழுதியிருக்கேன்."

"அந்த படிவத்தை கிழிச்சுடு குரு. புதுசா எழுது. பேஷன்ட்டோட பாதுகாப்புக்காக ரெண்டு மெயில் சர்வரையும் சாயங்காலம் வரைக்கும் சேர்த்து ஓட விட்டேன், அப்புறமா பழசை எடுத்தேன். அவ்ளோதான். உன் தப்பும் மறைஞ்சுபோகும், மேடமும் சபாஷ்னு சொல்வாங்க. பர்மனெண்ட் லெட்டர் உன் டேபிளுக்கு தானா வரும்."

யோசித்துப் பாருங்கள். பொய் எழுதினால் நான் கெட்டிக்காரன், முன்யோசனைக்காரன், ஒரு உயிரைக் காப்பாற்றியவன். உண்மை எழுதினால் ஒன்றரை மணி நேரம் மெயிலைப் பூட்டி வைத்துவிட்டுப் பொரி கட்டியவன், போதாததற்குக் கழற்றிய ப்ரோக்ராம் வேலை செய்தது என்று உளறுகிறவன். மஞ்சுநாத் சார் கெட்டவர் இல்லை, என் நன்மைக்குத்தான் சொன்னார், வெள்ளைத் தாளும் பேனாவும் அவரே எடுத்துவைத்தார். நான் அந்தத் தாளைப் பார்த்தேன். வாயால் சொன்னது ஒன்று, தாளில் எழுதுவது ஒன்று. என் தெருவில் இருந்து ஒருவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனது அதற்காகத்தான்.

"முடியாது சார்" என்றேன்.

"உனக்கு பைத்தியமா? யாருக்கு நஷ்டம் இதுல?"

"யாருக்கும் இல்ல சார். ஆனா அப்படி நடக்கல."

"கழட்டின மெஷின் மெயில் அனுப்பினது மட்டும் நடந்துச்சா?"

"நடந்துச்சு சார்."

அவர் தட்டிலிருந்த கடைசி பேடாவை எடுத்துப் பாதி கடித்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார். "பேய் இல்லேன்னு குங்குமம் வேணாம்னே, இப்போ பேய் மெயில் அனுப்பிச்சுன்னு எழுதுறேங்கற."

"பேய்னு நான் எழுதல சார். தெரியலன்னுதான் எழுதப் போறேன்."

எழுதினேன். இரண்டு பக்கம். பூட்டியது நான், திறக்க மறந்தது நான், பழையது நீக்கப்பட்டுவிட்டது, ஆனாலும் பதினொன்று முப்பத்தாறுக்கு அது ஒரு மெயில் அனுப்பியிருக்கிறது, காரணம் தெரியவில்லை. கையெழுத்து. லேப்பின் முதலாளி மேடம் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் டாக்டர், அதிகம் பேசமாட்டார், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார் என்றால் பேசப்போகிறார் என்று அர்த்தம். கழற்றி வைத்தார்.

"சக்திவேல், ‘தெரியவில்லை’ன்னு எழுதின ரிப்போர்ட்டை நான் இன்ஸ்பெக்ஷனுக்குக் கொடுக்க முடியாது."

"உண்மை அதுதான் மேடம்."

"எங்க தொழில்ல ஒரு முடிவு நம்புற மாதிரி இல்லேன்னா என்ன செய்வோம்?"

"திரும்ப டெஸ்ட் பண்ணுவீங்க."

"நீயும் பண்ணு. என் முன்னாடி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தேவாலயத்தில் பூசை முடிந்து மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, அதே மாதிரி எல்லாம் செய்தோம். பேக்கப்பாக எடுத்துவைத்திருந்த பழைய நிலையை ஒரு தனிக் கணினியில் ஏற்றி, இரண்டையும் ஓடவிட்டு, பழையதை நிறுத்தி, நீக்கி, அணைத்துப் போட்டு, புதியதைப் பூட்டி, சோதனை மெயில்கள் கொடுத்தேன். மேடம் நாற்காலி போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்றுகூடப் போகவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். போகவில்லை. கழற்றியது கழற்றியபடி கிடந்தது, அது அப்படித்தான் இருக்கவேண்டும்.

"பார்த்தியா?" என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை. "இப்ப மாத்தி எழுதறியா?"

அந்த நேரத்தில் எனக்கு அப்பாவின் குரல்தான் காதில் கேட்டது, மண்டியில் யாரிடமோ திரும்பிச் சொல்கிற குரல். பொய்யில்லை, ஒரு நிமிடம் பேனாவைத் தொட்டேன். பிறகு எனக்கே ரோசம் வந்துவிட்டது. நான் பார்த்ததை நான் பார்க்கவில்லை என்று எழுதத்தானா படித்தேன்?

"இன்னைக்குப் போகல மேடம். அன்னைக்குப் போச்சு. ரெண்டையும் எழுதுறேன்" என்றேன். எழுதினேன். மூன்றாவது பக்கம் சேர்ந்தது.

நிரந்தரக் கடிதம் வரவில்லை. மரியாதையாகத்தான் அனுப்பினார்கள், நல்ல பையன் என்று சான்றிதழ் கொடுத்தார்கள், அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்பதால் வாங்கிக்கொண்டேன். அப்பாவிடம் போனில் சொன்னேன். "கையெழுத்துப் போடச் சொன்ன தாள நீ படிச்சியா?" என்றார். படித்தேன் என்றேன். "அப்ப சரி, வுடு" என்று வைத்துவிட்டார். இப்போது வேறொரு இடத்தில் வேலை பார்க்கிறேன், அங்கேயும் சர்வர்தான், அங்கேயும் ஆயுத பூஜை வருகிறது, அங்கேயும் பொட்டு வைக்க விடமாட்டேன். எதற்கும் பயந்து நான் மாறவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். நான் தூக்கத்தில் செய்தேன், பதிவேடு குழம்பிவிட்டது, ஏதோ ஒன்று என்று நானே ஒருநாள் சமாதானம் ஆகியிருப்பேன். ஆனால் கடைசி நாள் சாயங்காலம் ஸ்டெல்லா அக்கா என்கூட நடந்துவந்தார்.

ஸ்டெல்லா அக்கா மாடியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன், லிங்கராஜபுரத்தில் என் அறைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பெயரை மாற்றியிருக்கிறேன், இதை எழுதட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். சாதாரணமாக வாய் ஓயாமல் பேசுகிறவர். அன்றைக்கு ரயில் பாலத்துக்கு அடியில் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"டேய் சக்தி, நான் சொல்றத யார்கிட்டயும் சொல்லாத. அன்னைக்கு பூஜை நடக்கறப்ப நான் மட்டும் மேல இருந்தேன். கிட்னி டாக்டர் எனக்கு போன் பண்ணாரு."

"எப்ப அக்கா?"

"பதினொன்னு முப்பத்தெட்டு. என் போன்லயே இருக்கு, பாரு." காட்டினார். இருந்தது. "மெயில் பாத்தேன், பொட்டாசியம் ஏழு புள்ளி ரெண்டு போட்டிருக்கு, கன்ஃபர்ம்தானே, சாம்பிள் கெட்டுப்போகலையேன்னு கேட்டாரு."

உங்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இரத்தத்தை உறையவிட்டு, சுற்றும் மெஷினில் வைத்துச் சுழற்றினால் தெளிந்த நீர் தனியாக மேலே நிற்கும், அதை இன்னொரு மெஷினில் கொடுத்தால்தான் பொட்டாசியம் தெரியும். சிவப்பணுக்கள் உடைந்து சாம்பிள் கெட்டிருந்தால் அந்த நீர் சிவந்திருக்கும், அப்போது பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். அதனால்தான் டாக்டர்கள் அப்படிக் கேட்பார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

அக்கா நின்றுவிட்டார். மேலே ஒரு ரயில் போனது, அது போய் முடியும்வரை காத்திருந்தார்.

"நான் அனுப்பாம ரிப்போர்ட் போயிருக்குன்னு சொன்னா, லேப்பே பொய் ரிப்போர்ட் குடுக்குதுன்னு ஆயிடும். வேற நம்பர் மாத்திப் போட்டு அனுப்பிட்டேனோன்னு நெனச்சேன். பயத்துல, ஆமா டாக்டர், கன்ஃபர்ம், சாம்பிள் தெளிவா இருக்குன்னு சொல்லிட்டேன். ஏசப்பா என்னை மன்னிக்கணும்."

"சாம்பிள் தெளிவாத்தானே இருந்துச்சு?"

"நான் அப்ப பாக்கவே இல்லடா. அந்தம்மாவோட ட்யூப் அப்பத்தான் சுத்திக்கிட்டு இருந்துச்சு. இன்னும் நாலு நிமிஷம் பாக்கி. மூடி பூட்டியிருந்துச்சு. டெஸ்டுக்கு நான் வெக்கவே இல்ல, மெஷின் முடிவு சொன்னது பதினொன்னு அம்பத்தெட்டுக்கு."

"எவ்ளோ சொல்லுச்சு?"

"ஏழு புள்ளி ரெண்டு."

வரிசையில் நின்ற முப்பத்தொன்றில் அந்த அம்மாவின் நிஜமான மெயில் இருந்திருக்கவேண்டும், அதன் நேரத்தை நான் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை, இப்போது அந்த சர்வருக்குள் போக எனக்கு அனுமதி இல்லை. யார் அனுப்பினார்கள் என்றுதான் நான் இத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன். இன்னும் இல்லாத ஒன்றை எப்படி அனுப்ப முடியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

என் மூன்று பக்கத்தில் இது இல்லை. அக்காவின் வேலை போய்விடும் என்பதால் அங்கே போய்ச் சேர்க்கவும் முடியாது. ஆகவே நான்காவது பக்கத்தை இங்கே எழுதிவிட்டேன், நம்ப விருப்பமில்லாதவர்கள் விட்டுவிடுங்கள். டீச்சரம்மா நன்றாக இருக்கிறார், இப்போதும் அங்கேதான் இரத்தம் கொடுக்க வருகிறாராம்.

பாலம் தாண்டி, வீட்டுக்குத் திரும்புகிற முனையில் அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்திக் கடைசியாக ஒன்று சொன்னார். சுற்றுவது நின்றதும் மூடியைத் திறக்கவே அவருக்குப் பயமாக இருந்ததாம், நீர் சிவந்திருக்கவேண்டும், தான் சொன்னது பொய்யாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் திறந்தாராம்.

"கண்ணாடி மாதிரி இருந்துச்சுடா" என்றார்.